'நெடுந்தீவு அருகே கைது' என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்!

"நெடுந்தீவா? அங்கதான நம்ம மீனவங்கள புடிப்பாங்க? நீ எதுக்குடா அங்க போற?"

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறப்போகிறேன் என்று கீழ்வேளூரில் வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி இது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயரை அவர் தலையில் ஏற்றியதே நாங்கள்தான். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சில தலைப்புகள் கைக்குப் பழகிவிடும். 'நெடுந்தீவு அருகே மீன்பிடித்த தமிழக மீனவர்கள் கைது' அப்படிப்பட்ட ஒன்று. எண்ணிக்கை மட்டும் மாறும். ஒரு நாள் 8 பேர், இன்னொரு நாள் 13 பேர். ஊர் பெயர் மாறும். 'நெடுந்தீவு அருகே' மட்டும் மாறாது.

இத்தனை முறை டைப் செய்த அந்த ஊரில் மனிதர்கள் இருக்கிறார்களா, பள்ளிக்கூடம் இருக்கிறதா, சாயங்காலம் டீ கிடைக்குமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் கூச்சம்தான் என்னைக் கப்பல் ஏற்றியது. போய் வந்தபின் சொல்கிறேன்: டெல்டாக்காரர்கள் ஊட்டி, கொடைக்கானல் போவதுபோல ஒருமுறை நெடுந்தீவுக்கும் போய் வர வேண்டும். ஏன், எப்படி, அங்கே என்ன பார்க்கலாம் என்பதோடு, எப்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதையும் பார்ப்போம்.

நெடுந்தீவு எங்கே இருக்கிறது?

பாக் நீரிணையில், யாழ்ப்பாண நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள, மக்கள் வசிக்கும் தீவுகளில் கரையிலிருந்து தள்ளி இருப்பது இதுதான். பரப்பளவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை சில ஆயிரம்தான். நாம் அடிக்கடி சண்டை போடும் கச்சத்தீவு இங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ராமேஸ்வரம்கூட நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான்.

வரைபடத்தில் இதற்கு 'டெல்ஃப்ட்' என்று பெயர். டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டு நகரத்தின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தீவான வேலணைக்கு 'லெய்டன்' என்றும் காரைநகருக்கு 'ஆம்ஸ்டர்டாம்' என்றும் அவர்கள் பெயர் வைத்தார்கள்.

லெய்டன் என்றதும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கீழ்வேளூர்க்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நம்ம ஆனைமங்கலத்தின் வருவாயை நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு, நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் அதற்கு 'லெய்டன் செப்பேடு' என்று பெயர். டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது ஒரே ஆண்டில்தான், 1658-ல். ஆக, நமக்கும் அந்தத் தீவுகளுக்கும் இருக்கும் தொடர்பு கைதுச் செய்தியில் தொடங்கியது இல்லை.

எப்படிப் போவது?

ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிக்கொண்டிருந்த கப்பல், போர் தொடங்கிய 1980-களில் நின்றுபோனது. அதன்பின் இந்தப் பக்கத்துக் கடலைத் தாண்ட விமானம்தான் வழி. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவை தொடங்கியது. சில நாட்களிலேயே நின்றது. மறுபடி 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலோடு தனியார் நிறுவனம் மூலம் தொடங்கியது. பயணத் தூரம் சுமார் 110 கிலோமீட்டர், ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

கீழ்வேளூரிலிருந்து நாகப்பட்டினம் 12 கிலோமீட்டர் போல. அதாவது, சென்னைக்குப் போகும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் நாம் இன்னொரு நாட்டில் இறங்கிவிடலாம்!

பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கைக்கான பயண அனுமதியை இணையத்திலேயே எடுக்கலாம். விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கப்பல் நிற்கும், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் திட்டம் போட வேண்டாம். தை பிறந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம். மழை பெய்து முடிந்த தரை பச்சையாக இருக்கும், வெயிலும் கொல்லாது.

காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணத்தில் இரவு தங்கிவிடுங்கள். மறுநாள் காலையில் குறிகட்டுவான் பஸ் பிடிக்க வேண்டும். வேலணை, புங்குடுதீவு வழியாகக் கடலுக்கு நடுவே போட்ட ரோட்டில் பஸ் போகும்போது, இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீரில் வலை கட்டிய குச்சிகள் வரிசையாகத் தெரியும். குறிகட்டுவானில் இரண்டு கூட்டம் இருக்கும். பெரிய கூட்டம் நயினாதீவுக்கு, நாகபூசணி அம்மனைக் கும்பிட. சின்னக் கூட்டம் நெடுந்தீவுக்கு. அந்தச் சின்னக் கூட்டத்தில் போய் நில்லுங்கள். படகில் ஒரு மணி நேரம்.

நான் முதல் நாள் லேட்டாகப் போய்ப் படகைத் தவறவிட்டேன். நெடுந்தீவுப் படகு டவுன் பஸ் மாதிரி கிடையாது, ஒரு நாளைக்குச் சில தடவைதான். அந்தப் படகில் உங்களோடு அரிசி மூட்டை வரும், கேஸ் சிலிண்டர் வரும், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் பாட்டி வருவார். நமக்கு அது சுற்றுலாப் படகு. அவர்களுக்கு அதுதான் ரோடு. உட்கார இடம் இல்லாவிட்டால் முதலில் எழுந்திருக்க வேண்டியது நாம்தான்.

என்னென்ன பார்க்கலாம்?

பவளக்கல் வேலிகள்: இறங்கியதும் கண்ணில் படுவது இதுதான். தீவே பவளப்பாறையும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த தட்டைத் தரை. நிலத்தில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி, சிமென்ட்டும் இல்லாமல் சுண்ணாம்புக் கலவையும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேலி போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு, தோட்டத்துக்கு, பனங்காணிக்கு என ஊர் முழுக்க இந்த வேலிதான். நம்ம ஊரில் வரப்பைப் பார்த்தால் யாருடைய நிலம் என்று தெரியுமே, அங்கே கல்வேலி.

குதிரைகள்: தீவின் வெட்டவெளிப் புல்தரையில் குதிரைகள் தன்னிச்சையாக மேய்கின்றன. போர்ச்சுகீசியர் காலத்தில் வந்து, டச்சுக்காரர்களும் பிறகு ஆங்கிலேயர்களும் வளர்த்த குதிரைகளின் வம்சம். இங்கே நிர்வாகியாக இருந்த நோலன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரை வளர்ப்பைக் கவனித்துக்கொண்டார். வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. கோடையில் தண்ணீருக்கு அவை படும் பாடு பெரியது. வறட்சியான வருஷங்களில் செத்தும் போயிருக்கின்றன. தூரத்தில் நின்று பாருங்கள். ரீல்ஸுக்காக ஆட்டோவை விட்டுத் துரத்துவது, டிரோனைத் தலைக்கு மேல் ஓட்டுவது எல்லாம் வேண்டாமே.

பெருக்கமரம்: ஆப்பிரிக்க மரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ராமநாதபுரம் பக்கம் 'பப்பரப்புளி' என்பார்களே, அதேதான். அடிமரத்தில் ஒரு பொந்து, உள்ளே சில பேர் நிற்கலாம். மரத்தில் பெயரைச் செதுக்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து சாவியைப் பாக்கெட்டிலேயே வைத்திருக்கவும்.

கோட்டையும் புறாக்கூடும்: வடக்குக் கரையில் பவளக்கல்லால் கட்டிய பழைய கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. காலனிக் காலத்தில் தூதுப் புறாக்கள் வளர்த்த கூடு ஒன்றும் இருக்கிறது. மெசேஜ் போகாவிட்டால் இரண்டு நிமிஷத்தில் டென்ஷன் ஆகும் நம்மைப் போன்றவர்கள் அதன்முன் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

வெடியரசன் கோட்டை: உள்ளூர்க் கதைகளில் வரும் வெடியரசன் என்ற தலைவனின் கோட்டை என்று மக்கள் சொல்லும் இடம். அங்கே இருப்பவை பவளக்கல்லால் ஆன பழைய பௌத்த தூபிகளின் எச்சங்கள் என்பது தொல்லியல் துறையின் பார்வை. நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் இருந்ததை நாம் மறந்துவிட்டோம் இல்லையா? அங்கே இது இன்றைய அரசியல். பார்க்கும்போது கருத்துச் சொல்வதைவிட, உள்ளூர்க்காரர் சொல்வதைக் கேட்பது நல்லது.

தெற்கு முனை: கப்பல்களுக்கு அடையாளமாக எழுப்பிய பழைய கோபுரம் ஒன்று இருக்கிறது. அங்கே போய் நின்றால் சுற்றிலும் காற்றும் கடலும்தான். இதுதவிர 'வளரும் கல்', பாறையில் பெரிய பாதம் போன்ற பள்ளம் எனக் கதையோடு சேர்ந்த இடங்களும் உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நயினாதீவுக் கல்வெட்டு: திரும்பும் வழியில் நேரம் இருந்தால் நயினாதீவுக்கும் போகலாம். நாகபூசணி அம்மன் கோயிலில் 12-ம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கரையில் மோதி உடையும் வெளிநாட்டுக் கப்பல்களைப் பற்றிய ஆணை அது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் என்றால் நான்கில் ஒரு பங்குதான் அரசுக்கு, மீதி கப்பல்காரருக்கு. வணிகப் பொருள் என்றால் பாதிக்குப் பாதி. சிங்கள அரசன், தமிழ்க் கல்வெட்டு, வெளிநாட்டு வணிகர். கடலில் வந்து சிக்கியவனை என்ன செய்வது என்று எண்ணூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கடலில் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள்!

படகுத்துறையில் ஒரு நிமிஷம்

நெடுந்தீவில் மாவிலித்துறையில் ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து கிளம்பிய 'குமுதினி' படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். குறைந்தது 23 பேர், உள்ளூர்க் கணக்குப்படி 36 பேர். செய்தது கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். அதே குமுதினி அதன்பிறகும் பல ஆண்டுகள் இதே கடலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியது.

எங்கள் கீழ்வேளூர் வட்டத்தில்தான் வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஊர். வருஷா வருஷம் அன்றைக்கு ஆட்கள் வருவார்கள். வந்தவர்களில் சிலர் கும்பிட்டு, பேசி, ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போவார்கள். சிலர் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மாவிலித்துறையிலும் அவர்களுக்குத் தெரியும்.

"நம்ம மீனவரைச் சுடுற நாட்டுக்கு டூர் எதுக்கு?"

இந்தக் கேள்வி வரும். வரவும் வேண்டும். 2025 ஜனவரி 28 அதிகாலை, நெடுந்தீவு அருகே 13 மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு பேருக்குப் பலத்த காயம், மூன்று பேருக்கு லேசான காயம். அது காரைக்காலிலிருந்து போன படகு. இங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும் வீடுகளின் பிரச்சினை இது. மீன் பிடிக்கப் போனவன்மேல் குண்டு பாய்வதை எந்த எல்லைக்கோடும் நியாயப்படுத்தாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் சுட்டது கடற்படை, நெடுந்தீவு இல்லை. அந்த ஊர்க்காரர்களும் அதே கடற்படைக்குப் பயந்து வாழ்ந்தவர்கள்தான். போர்க் காலத்தில் வடபகுதித் தமிழ் மீனவர்களுக்குக் கடலே பூட்டப்பட்டிருந்தது. 2009-க்குப் பிறகு வலையை எடுத்துக்கொண்டு அவர்கள் மறுபடி இறங்கியபோது, அந்தக் கடலில் நம்ம ஊர் இழுவைப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன.

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி எவடம்?" என்று கேட்டார்.

"நாகப்பட்டினம் பக்கம் அய்யா."

கை ஒரு நொடி நின்றது. பிறகு பழையபடி தைக்கத் தொடங்கினார். "நாகப்பட்டினமோ... ஓம், உங்கட படகுகள் தெரியும். இரவில வெளிச்சம் தெரியும். விடிய வலை இராது." கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் மழை வந்து நெல் நனைந்ததைச் சொல்வார்களே, அந்தக் குரல். கொஞ்சம் கழித்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

எனக்கு மீன்பிடி தெரியாது, நான் வயல்காட்டுக்காரன். ஆனால் அவர் சொன்னது புரிந்தது. இழுவைமடி என்பது கடலின் அடிமண்ணையே சுரண்டி இழுக்கும் வலை. பெரிய மீன், குஞ்சு, முட்டை, பாசி என்று எதையும் பார்க்காது. நாற்றங்காலில் நாற்றோடு மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு போனால் அடுத்த போகம் எப்படி நடுவது? இலங்கை தன் கடலில் இழுவைமடியை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது.

நாங்கள் காவிரியின் கடைமடை. மேல்மடைக்காரன் மறித்தால் எங்களுக்குத் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறந்த பிறகும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்கள் எத்தனை? 'அவனுக்கும் வயிறு இருக்கே' என்று யாராவது கர்நாடகத்துக்காக நம்மிடம் பேசினால் நமக்கு எப்படி எரியும்? அந்த எரிச்சலோடுதான் பெரியவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். கடலில் அவர் கடைமடை. இங்கே மேல்மடைக்காரன் நாம்.

இதைச் சொன்னால் நம்ம மீனவருக்கு எதிராகப் பேசுவதாக அர்த்தமில்லை. கூலிக்கு இழுவைப் படகில் போகும் ஆள்தான் சிறைக்குப் போகிறார். படகு முதலாளி போவதில்லை. கடன் வாங்கி ஒற்றைப் படகு வைத்திருப்பவர், படகு பறிமுதல் ஆனதும் நடுத்தெருவுக்கு வருகிறார். அவர்களை இழுவைமடியிலிருந்து வேறு தொழிலுக்கு, ஆழ்கடலுக்கு மாற்ற உண்மையான பணமும் பொறுப்பும் அரசுகள் தர வேண்டும். 'கைது, கண்டனம், கடிதம், விடுதலை' என்ற சுற்று முப்பது வருஷம் ஓடினாலும் யாருக்கும் வலை மிஞ்சாது.

பெரிய நாடுகளுக்குத் தெரிந்த தீவு, நமக்குத் தெரியவில்லை

நாம் கவனிக்காவிட்டாலும் இந்தத் தீவைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டம் ஒன்று 2021-ல் சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தமிழகக் கரைக்கு இவ்வளவு பக்கத்திலா என்று இந்தியா ஆட்சேபித்தது. கடைசியில் அந்தத் திட்டம் கைமாறி, இந்தியாவின் சுமார் 1.1 கோடி டாலர் மானியத்தில் செய்வதாக 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் நெடுந்தீவு வரைபடத்தில் தெரிகிறது. கப்பலில் நான்கு மணி நேரத்தில் இருக்கும் நாகப்பட்டினத்துக்குத் தெரியவில்லை என்றால் அது நம்ம குறை.

அப்படியானால், எப்படிப் போவது சரி?

காலையில் போய்ப் பிற்பகல் படகில் திரும்புவதுதான் பெரும்பாலானோர் செய்வது. ஓர் ஆட்டோ, எட்டு இடம், நூறு போட்டோ, முடிந்தது. தீவுக்குக் கிடைப்பது ஆட்டோ வாடகையும் குப்பையும் மட்டும்.

ஓர் இரவு தங்குங்கள். சிறிய விடுதிகளும் வீடுகளில் தங்கும் வசதியும் இருக்கின்றன. கடைசிப் படகு போனபிறகுதான் நெடுந்தீவு தன் வேகத்துக்குத் திரும்பும். மாடுகள் கல்வேலி ஓரமாக வீடு திரும்பும். பனைமரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தால் அதில் சுற்றுங்கள், தரை தட்டையாக இருப்பதால் கால் வலிக்காது. சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவையுங்கள். நல்ல தண்ணீர் அங்கே அருமையான பொருள், ஹோட்டலில் செய்வதுபோல ஷவரைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்து வாருங்கள். பவளக்கல் ஒன்றுகூடப் பைக்குள் வர வேண்டாம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். கப்பல் எந்த மாதம் ஓடும், எப்போது நிற்கும் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். நாகை, காரைக்கால் மீனவர் சங்கங்களிலிருந்து வருஷத்துக்குச் சிலரையாவது இதே கப்பலில் ஏற்றி, நெடுந்தீவுக் கரையில் ஒருநாள் உட்கார வையுங்கள். அங்கிருந்து சிலரை இங்கே அழைத்து வாருங்கள். அதிகாரிகள் ஏசி அறையில் பேசுவது ஒரு பக்கம் நடக்கட்டும். அறுந்த வலையை ஒருவரும் பறிபோன படகின் கடன் பத்திரத்தை இன்னொருவரும் எதிரெதிரே வைத்துப் பேசுவது வேறு. பாஷைப் பிரச்சினையும் இல்லை, இரண்டு பேரும் தமிழில்தான் பேசப்போகிறார்கள்.

திரும்பி வந்ததும் அம்மா கேட்டார், "எப்படிடா இருந்துச்சு?" போட்டோக்களைக் காட்டினேன். குதிரையைப் பார்த்துச் சிரித்தார். வலை தைக்கும் கையை மட்டும் எடுத்த போட்டோ வந்ததும், "நம்ம அக்கரைப்பேட்டை மாதிரியே இருக்கே" என்றார்.

மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். அடுத்த கைதுச் செய்தி என்னிடம் வரும்போதும் 'நெடுந்தீவு அருகே' என்றுதான் எழுதுவேன், வேறு வழியில்லை. ஆனால் செய்தியின் கடைசிப் பத்தியில் அந்தக் கரையில் என்ன நடந்தது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று இனி கேட்டுப் பார்ப்பேன்.